சுபாவம் என்னும் சாக்கு

நம் கதாசிரியர்களுக்குக் கைவந்த சொல் ஒன்று உண்டு. 'சுபாவம்' என்பது அது. 'பெண்களுக்கே உரிய சுபாவத்தால் அவள் தலை குனிந்தாள்' என்று எழுதுவார்கள். 'ஆண்களுக்கே உரிய சுபாவத்தால் அவன் சீறினான்' என்று எழுதுவார்கள். இப்படி எழுதிவிட்டால், அவள் ஏன் தலை குனிந்தாள், அவன் ஏன் சீறினான் என்று யோசிக்கிற சிரமம் ஆசிரியருக்கு மிச்சம். வாசகரும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. அவரும் அந்தச் சொல்லை வீட்டில் தினந்தோறும் உபயோகித்துப் பழகியவர்தானே?

இந்தச் சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாகவே சந்தேகம். கதைகளில் மட்டும் அது புழங்கிக்கொண்டிருந்தால் நான் இவ்வளவு விசாரப்பட்டிருக்க மாட்டேன். மட்டமான கதைகளோடு அதுவும் மறைந்துவிடும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கிற தொழிற்சாலைப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்தச் சொல்லின் பேரால் நடக்கிறது. ஆகவே அந்தப் பிரதேசத்தை வைத்துக்கொண்டே இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருவழியில் பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஊர்கள் வரும். ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். ஏரியும் நெல்வயலுமாக இருந்த பூமி. 1996ல் ஹூண்டாய்க் கார்க் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை திறந்தது. ஒரகடத்தில் 2010ல் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து கார் ஆலை தொடங்கின. 2012ல் டெய்ம்லர் லாரி ஆலை. 2013ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. நோக்கியா 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் கம்பெனி ஐபோன்களைக் கோத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆலைகளைப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது ஒரு பாகப்பிரிவினை. காரும் லாரியும் செய்கிற இடத்தில் பெரும்பாலும் ஆண்கள். செல்போன் செய்கிற இடத்தில் பெரும்பாலும் பெண்கள். ஏன் என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கார் வேலை முரட்டு வேலை. அதற்கு ஆண்பிள்ளை வேண்டும். செல்போனில் சின்னச் சின்னத் திருகாணி. அதற்குப் பொறுமையும் மெல்லிய விரலும் வேண்டும். அவை பெண்களின் சுபாவம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் இதே தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் கட்டிய ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களை மட்டுமே வைத்து நடத்தப் போவதாக 2021ல் அறிவித்தார்கள். வாகனம் செய்கிற வேலை மாவட்டம் தாண்டியதும் மென்மையாகிவிட்டதா? வேலை மாறவில்லை, யாரை வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானம் மாறிற்று. தீர்மானம் மாறியவுடன் சுபாவமும் அதற்கு ஏற்றபடி ஒதுங்கி வழி விட்டது.

மெல்லிய விரல்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு ஆங்கில நாட்டுப் பெண்மணிகள், கீழ்நாடுகளின் ஏற்றுமதி ஆலைகளில் பெண்கள் குவிவதைப் பற்றி 1981ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த விரல்களின் லாகவம் பிறவியில் வந்ததன்று, சிறு வயது முதல் தாயிடமும் பாட்டியிடமும் ஊசி நூல் பிடித்துக் கற்ற பயிற்சி என்றார்கள் அவர்கள். பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் வெளியார் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அதைத் திறமை என்று கணக்கிட்டுக் கூலி கொடுப்பதில்லை. இயற்கை என்று சொல்லி இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். பூக் கட்டவும், அரிசியில் கல் பொறுக்கவும், புள்ளி வைத்துக் கோலம் போடவும் எட்டு வயதிலிருந்து உட்கார்த்தி வைக்கப்பட்ட பெண் பதினெட்டு வயதில் திருகாணியை நேராக முடுக்கினால் அதில் என்ன அதிசயம்? அவள் அண்ணன் அந்தப் பத்து வருஷமும் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்தான். ஐ.டி.ஐ.யில் அவன் இரண்டு வருஷம் கற்றதற்குச் சர்ட்டிபிகேட் உண்டு. அவள் பத்து வருஷம் கற்றதற்குச் சுபாவம் என்று பெயர்.

இந்தச் சுபாவம் எவ்வளவு நாளைக்கு நிலைக்கும் என்பதையும் இந்தச் சாலையே நமக்குக் காட்டியது. சுங்குவார்சத்திரத்து ஐபோன் ஆலையில் கோக்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்பவை காரணங்களாம். தாலியும் மெட்டியும் உலோகம், அவை வேலைக்கு இடைஞ்சல் என்பதும் சொல்லப்பட்டதாம். மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மனித உரிமைக் கமிஷன் நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி, 2022ல் சில தவறுகள் நேர்ந்தன, அவற்றைத் திருத்திக்கொண்டோம், புதிதாக எடுத்த பெண்களில் கால் பங்கு கல்யாணமானவர்கள் என்று பதில் சொன்னது. வழக்கு எப்படியானாலும், அந்தக் காரணங்களை நம்மில் எத்தனை பேர் தலையாட்டிக் கேட்டோம்! பொறுமையும் மெல்லிய விரலும் பெண்ணின் பிறவிக் குணமானால், மெட்டி போட்ட மறுநாள் அவை எங்கே போய்விடும்? முதலாளி விரும்பியது பெண்ணின் சுபாவத்தை அல்ல. பிறந்த வீட்டின் பயம் இன்னும் தெளியாத, புகுந்த வீட்டின் சுமை இன்னும் ஏறாத மூன்று நான்கு வருஷங்களை அவர் விரும்பினார். அந்த வருஷங்களுக்கு அவர் வைத்த பெயர் சுபாவம்.

பயம் தெளியாத வருஷங்கள் என்றேன். பயம் தெளிந்த ஓர் இரவும் உண்டு. 2021 டிசம்பர் 15ந் தேதி, பூந்தமல்லிப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் இதே ஆலைப் பெண்கள் சாப்பிட்ட சாப்பாடு விஷமாயிற்று. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஓர் அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்தார்கள் என்பதும், சில கக்கூஸ்களில் தண்ணீர் வரவில்லை என்பதும் அதன் பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன சிநேகிதிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. 17ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர்ச் சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வந்தது, கைது நடந்தது, அதிகாரிகள் வந்தார்கள். ஆலை மூடிற்று. ஹாஸ்டல்களும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிகளுக்குக் குறைந்தே இருந்தன என்று அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12ந் தேதி ஆலை மறுபடி திறந்தது.

கிராமத்துப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள், சங்கம் வைக்க மாட்டார்கள் என்பது அவர்களை வேலைக்கு எடுத்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு ஓர் இரவில் பொய்த்தது. ஆனால் நான் கவனித்தது கணக்குப் பொய்த்ததை மட்டுமல்ல. அதன் பிறகு நடந்த பேச்சையும்தான். 'வதந்தியை நம்பி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள், பெண்கள் அல்லவா' என்றார்கள் சிலர். சிலர் இறந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது உண்மை. அது பொய் என்பதும் உண்மை. ஆனால் வதந்தி என்பது கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில் முளைக்கிற பூண்டு. அது ஆண் பெண் பார்த்து முளைப்பதில்லை. மூன்று வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 9ந் தேதி, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் பெரும்பாலும் ஆண்களான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். அவர்களையும் பலர் ஏசினார்கள். பிடிவாதக்காரர்கள் என்றார்கள், அரசியல் தூண்டுதல் என்றார்கள். உணர்ச்சிவசப்பட்டார்கள் என்று ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரே சாலை, ஒரே மாதிரிக் கோபம். ஆண் கோபித்தால் அரசியல், பெண் கோபித்தால் உணர்ச்சி. சமூகம் குணத்தை உண்டாக்குவது வளர்ப்பில் மட்டும் நடப்பதன்று. பெயர் வைப்பதிலும் நடக்கிறது.

குணத்தை விட்டுப் பேச்சுக்கு வருகிறேன். நாவலாசிரியனுக்கு அதுவே முக்கியம். ஏனென்றால் பாத்திரத்தின் குணத்தை அவன் பேச்சின் வழியாகத்தான் காட்டியாக வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு முடிகிற நேரத்தில் நின்று காது கொடுத்திருக்கிறேன். நீல நிற மேலங்கியை மடித்துப் பையில் வைத்தபடி ஒரு பெண் சூப்பர்வைசரோடு பேசுகிறாள். 'சார், நாளைக்கு முடிஞ்சா... இல்லேன்னாலும் பரவாயில்லை சார்...' வாக்கியத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து ஊரிலிருக்கும் தம்பியோடு போனில் பேசுகிறாள். 'பரீட்சைப் பணம் கட்டியாச்சாடா? ரசீதை வாங்கி அனுப்பு. கதை பேசாதே.' இப்போது ஒவ்வொரு வாக்கியமும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பஸ் ஏறியதும் சிநேகிதிகளோடு சேர்ந்து அவள் போடுகிற சிரிப்பு பெட்ரோல் பங்க் வரை கேட்கும். 'பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு' என்று பழமொழி சொல்லி வளர்த்த ஊரிலிருந்து வந்தவள்தான் அவள். இந்த மூன்றில் எது அவள் சுபாவம்? நம் கதைகளில் முதலாவது மட்டுமே வரும். ஏனென்றால் எழுதுகிறவர் பெரும்பாலும் சூப்பர்வைசரின் இடத்தில் நின்று அவள் பேச்சைக் கேட்கிறவர்.

மேல்நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ராபின் லேகாஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1975ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்கள் இழுத்துப் பேசுகிறார்கள், 'இல்லையா?' என்று முடிக்கிறார்கள், சொல்வதை முழுக்கச் சொல்வதில்லை, மிதமிஞ்சிய மரியாதை காட்டுகிறார்கள் என்று அடையாளங்களை அதில் தொகுத்தார். சமூகம்தான் அப்படிப் பேசக் கற்றுக்கொடுக்கிறது என்பது அவர் கட்சி. ஆனால் படித்தவர்களில் பலர் பட்டியலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். 1980ல் வில்லியம் ஓபார், பௌமன் அட்கின்ஸ் என்ற இருவர் வட கரோலினா நீதிமன்றங்களில் சாட்சிகள் பேசியதைப் பதிவு செய்து அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். கூண்டேறிய பெண் டாக்டரின் பேச்சில் அந்த அடையாளங்கள் மிகச் சொற்பம். வேலையில்லாத, அந்தஸ்தில்லாத ஆண் சாட்சியின் பேச்சில் அவை நிறைய. பெண் பேச்சு என்று பெயரிட்டதை அதிகாரமில்லாதவர் பேச்சு என்று அழைப்பதே பொருந்தும் என்று அவர்கள் முடித்தார்கள். பெண்கள் அதிகம் அப்படிப் பேசுவதற்குக் காரணம், அதிகாரமில்லாத இடத்தில் அவர்கள் அதிகம் நிறுத்தப்படுவது.

இதைவிட வேடிக்கையான செய்தி மடகாஸ்கர் தீவில் கிடைத்தது. அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எலினார் கீனன் 1974ல் எழுதியிருக்கிறார்: அந்த ஊரில் சுற்றி வளைத்து, யார் மனமும் நோகாமல், நயமாகப் பேசுகிறவர்கள் ஆண்கள். பட்டென்று முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் பெண்கள். சந்தையில் பேரம் பேசவும், தப்புச் செய்தவனைத் திட்டவும் பெண்களைத்தான் அனுப்புவார்கள். நம் ஊருக்கு நேர் தலைகீழ். ஆனால் ஒரு விஷயம் மட்டும் தலைகீழாகவில்லை. அங்கேயும் ஆண்களின் பேச்சுத்தான் உயர்ந்த பேச்சு. பெண்களுக்குப் பேசத் தெரியாது என்பதுதான் ஊரின் அபிப்பிராயம். நேராகப் பேசுவது உயர்வா, வளைத்துப் பேசுவது உயர்வா என்பதைப் பேச்சு தீர்மானிக்கவில்லை. பேசுகிறவரின் இடம் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுபாவம் என்ற சொல்லை எழுதப் பேனா கொஞ்சம் தயங்க வேண்டாமா?

கடல் கடந்து போக வேண்டியதுகூட இல்லை. நம் இலக்கியத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தொல்காப்பியர் களவியலில் ஆணுக்குப் பெருமையும் உரனும், பெண்ணுக்கு அச்சமும் நாணமும் மடமும் உரியவை என்று வகுத்தார். பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்துப் பெண்ணுக்கு நான்காக்கினார்கள். அவர் செய்தது செய்யுள் இலக்கணம். களவொழுக்கத்தைப் பாடப் போகிற புலவன் தலைவியை எப்படிப் பேச விட வேண்டும், எங்கே பேசாமல் நிறுத்த வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன விதி அது. பாட்டுக்குச் சொன்ன விதியை நாம் பெண்ணுக்குச் சொன்ன விதியாக்கினோம். பிறகு பெண்ணின் இயற்கையாகவே ஆக்கிவிட்டோம். நாடகத்தில் போட்ட வேஷத்தை வீட்டுக்கு வந்தும் கழற்றக் கூடாது என்றால் எப்படி?

வேஷம் என்றதும் ஸ்ரீபெரும்புதூரின் பழைய புகழ் நினைவுக்கு வருகிறது. ராமானுஜர் பிறந்த ஊர் அது. ஆண்டாள் பாட்டில் தோய்ந்து திருப்பாவை ஜீயர் என்றே பெயர் எடுத்தவர் அவர். அவர் போற்றிய ஆழ்வார்களில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடினார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிப் பாடினார். திருமங்கை மன்னர் யார்? வாள் பிடித்த படைத்தலைவர். வழிப்பறி செய்தவர் என்று குரு பரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அப்பேர்ப்பட்டவர் ஆண்டவன் முன் உருகி, ஏங்கி, காத்துக் கிடந்து பேச வேண்டும் என்றபோது ஒரு பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பெண் சுபாவம் எங்கிருந்து வந்தது? தனக்கு மேற்பட்ட ஒருவன் முன்னால், அவன் தயவை நம்பி நிற்கிற நிலை வந்தது. அந்த நிலைக்குரிய பேச்சு கூடவே வந்தது. அந்த நிலையில் நம் பெண்களை நிரந்தரமாக நிறுத்தி வைத்திருந்தபடியால் அந்தப் பேச்சுக்குப் பெண் பேச்சு என்று பெயர் வந்தது. பக்தி செய்த ஆண்களுக்கு இந்த ரகசியம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிறப்பிலேயே பெண்ணான ஆண்டாளோ அந்த ஏக்கத்துக்குள்ளேயே உரிமை கொண்டாடுகிறாள், கேட்கிறாள், கோபிக்கிறாள். சுபாவக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த இருவரையும் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

நம் மொழியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அவன் என்றால் ஆண், அவள் என்றால் பெண். மரியாதை கொடுத்து 'அவர்' என்று சொன்னவுடன் ஆணா பெண்ணா என்பது தெரியாமற் போகிறது. மதிப்பு வந்ததும் பால் மறைகிறது. இவ்வளவு அழகான வசதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாவல்கள் என்ன செய்கின்றன? ஐம்பது வயதுக் கணவனை 'அவர்' என்று எழுதி, நாற்பத்தைந்து வயது மனைவியை 'அவள்' என்று எழுதுகின்றன. பேரன் பேத்தி எடுத்தாலும் அவள் 'அவள்'தான். பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்பே ஆசிரியர் அவளைக் கீழ்ப்படியில் உட்கார்த்திவிடுகிறார். பிறகு அங்கிருந்து அவள் பணிவாகப் பேசினால் அதற்குச் சுபாவத்தைக் காரணம் சொல்கிறார்.

எல்லாரும் இப்படி என்று சொல்வதற்கில்லை. இமையம் 1994ல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி வருகிறாள். காலனியாரின் வாசலில் அவள் பேசுகிற பேச்சில் அந்த மக்களுக்கு முன்னால் எவ்வளவு தூரம் தன்னைத் தாழ்த்த முடியுமோ அவ்வளவும் இருக்கும். ஆனால் அவள் புருஷன் சவுரியும் அந்த வாசலில் அப்படித்தான் நிற்கிறான். ஊருக்குக் கீழே, காலனிக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆண் பேச்சு, பெண் பேச்சு என்ற ஆடம்பரம் கிடையாது என்பதை அந்த நாவல் வியாக்கியானம் எதுவும் இல்லாமல் காட்டிவிடுகிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பழகிவிட்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். இந்த இருவர் வழியும் ஒன்றுதான்: பாத்திரம் யாரிடம், எங்கே, எந்தக் கூலிக்கு நின்றுகொண்டு பேசுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது, பேச்சு அதன் பிறகு தானாக வரும்.

ஆண்களின் கதையும் சுகமானதல்ல. ஒரகடத்துக் கார் ஆலையில் ட்ரெய்னியாகச் சேர்கிற பையனைப் பாருங்கள். 'பொம்பளை மாதிரி அழாதேடா' என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். இரவு ஷிப்டில் கண் சொருகுகிறது. இடுப்பு விட்டுப் போகிறது. பயிற்சிக் காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இதில் எதையும் அவன் அறைத் தோழனிடம்கூடச் சொல்ல மாட்டான். கேட்டால், 'ஒண்ணுமில்லே மாப்ளே' என்பான். இன்ஜினீயர் முன்னால் அவனும் 'முடிஞ்சா சார்... பரவாயில்லை சார்' என்றுதான் முனகுகிறான். ஆனால் அவன் முனகினால் அதற்கு ஆண் சுபாவம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நிலைமை அப்படி என்கிறார்கள். ஆணின் பணிவுக்குக் காரணம் நிலைமை, பெண்ணின் பணிவுக்குக் காரணம் இயற்கை! அவன் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் பிறகு மதுக்கடையில் கொட்டினாலோ, வீட்டில் கையோங்கலாக வெளிப்பட்டாலோ, அப்போது மட்டும் 'ஆம்பளைன்னா அப்படித்தான்' என்று சுபாவம் வந்து ஜாமீன் கொடுக்கும்.

'உடம்பில் வித்தியாசம் இருக்கும்போது மனசில் இராதா?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறிதும் இராது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அளந்து பார்த்தவர்களுக்கு நாம் நினைக்கிற அளவு அகப்படவில்லை. ஜேனட் ஹைட் என்ற மனோதத்துவப் பேராசிரியை 2005ல், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளின் 46 தொகுப்புகளைத் திரட்டிப் பார்த்தார். ஆண் பெண் வித்தியாசங்கள் என்று கணக்கிட்டவற்றில் 78 சதவிகிதம் மிகச் சிறியவை அல்லது இல்லையென்றே சொல்லத்தக்கவை. பெண்கள் வாயாடிகள் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான தீர்ப்பு. 2007ல் 396 மாணவ மாணவிகளின் பேச்சைச் சிறு கருவியால் பதிவு செய்து எண்ணினால் இரு பாலாரும் நாளொன்றுக்குச் சுமார் பதினாறாயிரம் வார்த்தை பேசுகிறார்கள். 2025ல் இன்னும் பெரிய கூட்டத்தை வைத்து எண்ணியபோது நடுவயதில் மட்டும் பெண்கள் சுமார் மூவாயிரம் வார்த்தை கூடப் பேசுவதாகத் தெரிந்தது. இளமையில் இல்லை, முதுமையில் இல்லை. நடுவயது என்பது குழந்தை வளர்க்கிற வயது. 'சாப்பிடு, படி, தூங்கு' என்று சொல்லுகிற பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருடைய வார்த்தைக் கணக்குக் கூடத்தான் செய்யும். அந்த வேலையைப் புருஷன் ஏற்றுக்கொண்டால் அவனும் வாயாடியாகிவிடுவான் என்பது என் ஊகம்.

ஆகவே இளம் எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய விடுதியை அரசாங்கம் திறந்திருக்கிறது. ஒரு சிறு பட்டணத்து ஜனத்தொகை. தகப்பன், அண்ணன், புருஷன் யாரும் பக்கத்தில் இல்லாமல், சொந்தச் சம்பளத்தோடு, இத்தனை பெண்கள் ஒரே கூரையின்கீழ் இருப்பது தமிழ்நாட்டுக்குப் பழகிப்போன காட்சியல்ல. அவர்கள் சுதந்திரமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விடுதி என்றால் கேட்டும் காவலும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. பாதிச் சம்பளம் ஊருக்குப் போகிறது. கல்யாணப் பேச்சு போனில் வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் இரவு பத்து மணிக்கு அங்கே எட்டுப் பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு, அவர்கள் தாய்மார்களுக்கு அந்த வயதில் வாய்க்காத பேச்சு. பி.எஃப். பிடித்தத்தைப் பற்றி, சூப்பர்வைசரின் வாயைப் பற்றி, மாப்பிள்ளை போடும் கண்டிஷன் பற்றி, தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்பதைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் அச்சம் எவ்வளவு, நாணம் எவ்வளவு என்று இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தால் அது நம் காதில் விழாமலே போய்விடும்.

நாளைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தியே தன் கதையை எழுதுவாள். அப்போது நம் நாவல்களில் அவளுக்கு நாம் எழுதிக் கொடுத்த வசனங்களையும் அவள் படித்துப் பார்ப்பாள். 'இது யார் பேசுகிறது?' என்று அவள் கேட்காதபடி எழுதுவதற்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லது.